ஜன்னல் ஓரத்தில் ஒரு டிரைவர்

எங்கள் ஓய்வூதியர் சங்கம் இந்த ஆண்டு ஒரு மலர் போடுகிறது. சங்கத்தின் செயலாளர், வேலையில் இருந்தபோது டெப்போவில் டயர் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். தேய்ந்த டயரைத் திருப்பிக் கொடுக்காமல் புது டயரைக் கண்ணில் காட்டமாட்டார். அவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார்.

“தங்கராசு அண்ணே, மலருக்கு நீங்க ஒரு கட்டுரை எழுதணும். நம்மாளுக பூராம் ரிட்டயர்டு ஆகி வீட்டுல உக்காந்து, டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க என்னடான்னா கொடைக்கானல் ஏரிக்கரையில பூந்தொட்டியோட நிக்கிறீக. பயணம், இயற்கை, தோட்டம்னு அனுபவிச்சு வாழுறீக. அது எப்படின்னு எல்லாத்துக்கும் சொல்லுங்க.”

எல்லாம் அந்த வாட்ஸ்அப் படத்தால் வந்தது. என் மகள் என் போனை வாங்கி அதைச் சங்கத்துக் குழுவில் போட்டுவிட்டாள். ஏரிக்கு முன்னால், நீலப் பூச்செடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கிறேன். சிரித்தது உண்மைதான். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் படத்தில் விழவில்லை. எழுதுவது என்றால் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

நான் அரசுப் பேருந்து டிரைவர். வாடிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். நெல் லாரியில் கை பழகி, லைசென்ஸ் எடுத்து, வேலையில் சேர்ந்து, உசிலம்பட்டி, தேனி என்று சமவெளியில் சில வருடம் ஓட்டினேன். பிறகு மலை ரூட்டுக்கு ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். அதிலிருந்து ஓய்வு பெறும் வரை மதுரை ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானல், கொடைக்கானலிலிருந்து ஆரப்பாளையம். வாழ்க்கையில் பெரும்பகுதியை வளைவிலேயே கழித்தவன் நான்.

மலைக்குப் பயிற்சி கொடுத்தவர் டிரைவிங் இன்ஸ்பெக்டர் செல்லையா சார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலை. தோலோடு இருக்கும் கடலை. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே வருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார், திட்டமாட்டார். நீங்கள் தப்புச் செய்தால் கடலை உடைக்கும் சத்தம் நின்றுவிடும். அவ்வளவுதான்.

அந்த அமைதி இருக்கிறதே, திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று இருக்கும். வளைவில் கொஞ்சம் அகலமாகப் போனால் சத்தம் நிற்கும். இறக்கத்தில் கியரைக் குறைக்க ஒரு விநாடி தாமதித்தால் சத்தம் நிற்கும். என்ன தப்பு என்று நாமே யோசித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்திவிட்டால் மறுபடி ‘டக்’ என்று ஒரு கடலை உடையும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் மலையில் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் மிகையில்லை. பல வருடம் கழித்தும், சரியாக ஒரு வளைவை முடித்தால் பின்னால் காது தானாகப் போகும்.

பயிற்சியின் கடைசி நாள் மட்டும் பேசினார். ஒரு வளைவில் பனி விலகி, பள்ளத்தாக்கு முழுக்க வெயில் விழுந்தது. பயணிகள் எல்லோரும் ‘ஓ’ என்றார்கள். நானும் லேசாகத் தலையைத் திருப்பிவிட்டேன். கடலைச் சத்தம் நின்றது. பிறகு அவர் குரல் வந்தது.

“தங்கராசு, அந்தப் பள்ளத்தாக்கு நேத்தும் இருந்துச்சு, நாளைக்கும் இருக்கும். நாளைக்கு நீயும் இருக்கணும்ல? ரோட்டப் பாரு.”

நான் அதைக் கேட்டுக்கொண்டேன். ரொம்பவும் கேட்டுக்கொண்டேன் என்பதுதான் பிரச்சினை. அன்றிலிருந்து நான் ரோட்டை மட்டும்தான் பார்த்தேன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் போய் வண்டியை நிறுத்துவேன். டீ குடிப்பேன். ஓய்வறையில் கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுப்பேன். நேரம் ஆனதும் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு இறங்குவேன். ஊரில் யாராவது, “ஏரி எப்படிய்யா இருக்கும்?” என்று கேட்டால், “குளிரா இருக்கும்” என்பேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இயற்கை என்றால் எனக்கு மூன்றுதான்: பனி, மண்சரிவு, காட்டெருமை. இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அது ஒரு முகூர்த்த நாள். காலை வண்டி. கண்டக்டர் சிக்கந்தர். அவரும் நானும் வெகுகாலம் ஒன்றாக ஓடியவர்கள். அவர் விசிலின் நீளத்திலேயே அவருக்குக் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியும். வத்தலகுண்டில் ஒரு கல்யாணக் கூட்டம் பஸ்ஸில் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் வந்த வேன் ஊருக்கு வெளியே புகை விட்டு நின்றுவிட்டதாம். பெண் வீடு கொடைக்கானலில். மாப்பிள்ளை பட்டு வேட்டி, சந்தனப் பொட்டோடு இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய தாய்மாமன் பேசினார்.

“டிரைவரண்ணே, கொஞ்சம் வெரசாப் போங்க. முகூர்த்தம் தவறிரக் கூடாது. பஸ்ஸுல பறக்குற மாதிரி ஒரு கியர் இருக்குமே, அதப் போடுங்க.”

மலை ஏற ஆரம்பித்ததும் பனி. பாதி தூரம் ஏறியிருப்போம். ஒரு வளைவைத் திரும்பினால், ரோட்டுக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு சுவர். சுவருக்கு நாலு வெள்ளைக் கால். காட்டெருமை.

நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன், இஞ்சினை அணைத்தேன், விளக்கை அணைத்தேன். காட்டெருமைக்கு ஹாரன் அடிக்கக் கூடாது. அது மலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரு லாரிக்காரர் அடித்து, அது ரேடியேட்டரில் கொம்பை விட்டுக் கிளறிய கதையும் எங்களுக்குத் தெரியும். அது போகிறபோது போகும். அதுவரை அது மேலதிகாரி, நாம் ஊழியர்.

தாய்மாமன் முன்னால் வந்தார். “ஒரு ஹாரன் அடிங்கண்ணே.”

“அடிக்கக் கூடாதுங்க.”

“சின்னதா ஒண்ணு.”

“எங்க ஹாரன்ல சின்னது கிடையாதுங்க.”

பஸ்ஸில் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கையைத் தட்டச் சொன்னார். ஒரு அம்மாள், அது சாமி மாடாக இருக்கும், சூடம் காட்டினால் வழி விட்டுவிடும் என்று சூடத்தையே எடுத்துவிட்டார். அதை வாங்கி வைப்பதற்குள், தாய்மாமன் தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து, முன் படிக்கட்டில் நின்று ரோட்டோரமாக வீசிவிட்டார். அந்தப் பக்கம் போய்த் தின்னட்டும் என்பது அவருடைய கணக்கு.

காட்டெருமை போய்த் தின்றது. தின்றுவிட்டு, பழம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பார்த்தது. பிறகு பஸ்ஸை நோக்கி நடந்து வந்தது.

மொத்தப் பஸ்ஸும் பின் சீட்டுக்குப் போய்விட்டது. தாய்மாமன் எப்படி அவ்வளவு சீக்கிரம் கடைசி வரிசைக்குப் போனார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. முன்னால் நானும் அந்த எருமையும்தான், நடுவில் ஒரு கண்ணாடி. அது மூச்சு விட்டதில் கண்ணாடி மங்கியது. வைப்பர் போடலாமா என்று கை போனது, நல்லவேளை போடவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே போய் மறுபடி குறுக்கே நின்றது. உறுமியது.

அப்போதுதான் மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தார். அவர் மட்டும் ஜன்னல் ஓரத்தை விட்டு நகரவே இல்லை.

“மாமா, கீழ ஒரு கன்னுக்குட்டி நிக்குது.”

சிக்கந்தர் எட்டிப் பார்த்தார். இடது பக்கம் பள்ளம். ஓரத்தில் தடுப்புச் சுவர். சுவரில் ஒரே ஒரு இடத்தில் உடைப்பு, மாடுகள் ஏறி இறங்கும் தடம். அந்த உடைப்பை அடைத்த மாதிரி என் பஸ்ஸின் மூக்கு நிற்கிறது. கீழே கன்று ஏற வழியில்லாமல் நின்று தவிக்கிறது. தாய் எங்களை மறிக்கவில்லை. நாங்கள்தான் அதன் பிள்ளையை மறித்துக்கொண்டிருந்தோம்.

முன்னால் போக முடியாது, தாய் நிற்கிறது. அப்படியென்றால் பின்னால்தான் போக வேண்டும். செல்லையா சாருடைய இன்னொரு சட்டம் அப்போது நினைவுக்கு வந்தது: “மலையில ரிவர்ஸ் கியர்னு ஒண்ணு இருக்கதையே மறந்துரு.” பனி. வளைவு. பின்னால் வரிசையாக வண்டிகள். பஸ் நிறைய ஜனம். சறுக்கினால் வேலை போவது பெரிய விஷயமே இல்லை.

சிக்கந்தர் என் முகத்தைப் பார்த்தார். “எடுப்பமாண்ணே?”

“எடுப்பம். முதல்ல பின்னால கிடக்கிற வண்டிகள நகத்தணும்.”

அவர் பின் படி வழியாக இறங்கிப் போனார். எனக்குக் கண்ணாடியில் பனிதான் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்டது. எங்களுக்கு நேர் பின்னால் ஒரு ஜீப். அதிலிருந்தவர் நகர மாட்டேன் என்று கத்தினார்.

“நான் ஏன்யா பின்னால போகணும்? எனக்கு முகூர்த்தத்துக்கு நேரமாச்சு!”

“எந்த முகூர்த்தம் சாமி?” என்றார் சிக்கந்தர்.

“மேல ஒரு கல்யாணத்த நடத்தி வைக்கணும். மாப்ள வீட்டாரே இன்னும் வந்து சேரலைன்னு பொண்ணு வீட்டுல பதறிக்கிட்டு இருக்கா.”

“மாப்ள எங்க பஸ்ஸுலதான் சாமி இருக்காரு. நீங்க பின்னால போனாத்தான் அவரு முன்னால போவாரு.”

அதற்குப் பிறகு ஐயரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் அத்தனை வண்டியும் வரிசையாகப் பின்வாங்கியது. போக்குவரத்து போலீஸில் சேர்ந்திருந்தால் பெரிய பதவிக்கு வந்திருப்பார்.

இப்போது என் முறை. பயப்படுகிறவர்கள் பின் படி வழியாக இறங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். தாய்மாமன்தான் முதலில் இறங்கினார். எருமை இன்னொரு தடவை உறுமியது. அவரே முதலில் ஏறினார். பிறகு யாரும் இறங்கவில்லை.

மலையில் பின்னால் எடுக்க எனக்கும் சிக்கந்தருக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. சாதாரணமாக விசில் அடித்தால் நிறுத்த வேண்டும். இதில் தலைகீழ். விசில் கேட்கிறவரை நான் வரலாம். விசில் நின்றால் நிறுத்த வேண்டும். ஏனென்றால், ஊதுகிறவர் தடுமாறி விழுந்துவிட்டால் விசிலும் நின்றுபோகும், பஸ்ஸும் நிற்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது.

இஞ்சினைப் போட்டு, ஏர் பிரஷர் முள் ஏறுகிறவரை காத்திருந்தேன். அது ஏறாமல் பிரேக்கை நம்பக் கூடாது. சிக்கந்தர் மலைப் பக்கமாக, என் வலது கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார். விசில் ஆரம்பித்தது. ரிவர்ஸ் போட்டு, கிளட்சை அரையாகப் பிடித்து, பிரேக்கில் பாதம் வைத்தபடி விட்டேன். ஸ்டியரிங்கை ஒரு விரல்கடை திருப்பினால் பின்பக்கம் ஒரு முழம் போகிறது. பஸ்ஸுக்குள் ஒரு சத்தம் இல்லை. விசில் நின்றது, நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஊதினார், விட்டேன். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அந்த வளைவு இன்னும் தீரவில்லை, இன்னும் தீரவில்லை என்றே இருந்தது. கடைசியில் மாப்பிள்ளை குரல் கேட்டது.

“ஏறிருச்சு! கன்னு ஏறிருச்சு!”

சுவர் உடைப்பு வழியாகக் கன்று ரோட்டுக்கு வந்தது. தாய் அதை முகர்ந்து பார்த்தது. நக்கியது. எங்களை ஒரு முறை பார்த்தது. பிறகு இரண்டும் காட்டுக்குள் போயிருக்கலாம். போகவில்லை. நடு ரோட்டிலேயே மேல் நோக்கி ஆற அமர நடக்க ஆரம்பித்தன. முன்னால் எருமையும் கன்றும், பின்னால் மாப்பிள்ளை உட்கார்ந்த பஸ், அதற்குப் பின்னால் ஐயரின் ஜீப். அப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பு எந்த ஊரிலும் நடந்திருக்காது.

கல்யாணம் நடந்தது. ஐயரும் மாப்பிள்ளையும் ஒன்றாகவே வந்ததால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. நாங்கள் வண்டியை எடுக்கும் நேரம் தாய்மாமன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார், கையில் இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம்.

“உங்க மேல எழுதிக் குடுக்கணும்னு இருந்தேன் டிரைவரண்ணே. பாயசம் குடிச்சதும் மறந்துபோச்சு. சாப்புடுங்க.”

அவர் மறந்தார், பின்னால் வந்த கார்க்காரர் ஒருவர் மறக்கவில்லை. மலையில் பஸ்ஸைப் பின்னால் எடுத்தேன் என்று புகார் போனது. செல்லையா சார் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் கடலைப் பொட்டலம் இருந்தது. அவர் உடைக்கவில்லை.

“ரிவர்ஸ் எடுத்தியா?”

“எடுத்தேன் சார்.”

“கண்டக்டர் எந்தப் பக்கம் நின்னான்?”

“மலைப் பக்கம் சார்.”

“பள்ளத்துப் பக்கம் நிக்கலைல்ல?”

“நிக்கல சார்.”

“ஹாரன்?”

“தொடவே இல்ல சார்.”

புகார்த் தாளை மடித்து ஓரமாக வைத்தார். “இன்னொரு தடவ எடுத்தா மெமோ குடுப்பேன். போ.” நான் வாசலுக்குப் போனபோது, “இந்தா” என்றார். திரும்பினேன். பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தார். என் பணிக்காலத்தில் நான் வாங்கிய ஒரே விருது அந்த ஒரு கைப்பிடி கடலைதான்.

பிறகு செல்லையா சார் ஓய்வு பெற்றார். சிக்கந்தரும் ஓய்வு பெற்றுச் சென்னையில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். கடைசியில் என் முறையும் வந்தது. மாலை போட்டு ஒரு சூட்கேஸ் கொடுத்தார்கள். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கட்டிலில் அதை வைத்துவிட்டு நானும் என் மனைவி பஞ்சவர்ணமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பெட்டி குடுத்திருக்காக,” என்றாள் அவள். “அப்ப எங்கயாச்சும் போகச் சொல்லித்தான குடுத்திருக்காக?”

“எங்க போவம்?”

“கொடைக்கானல்.”

“அங்க என்ன இருக்கு?”

“அத நீங்கதான சொல்லணும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடும்பத்துக்கு இலவச பாஸ் இருந்தும் அவள் ஒரு நாளும் அந்த மலை ஏறியதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதும் இல்லை. அவளுக்கு ஆசை இல்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரப்பாளையத்தில் ஏறினோம். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. வத்தலகுண்டு வரை நான் நல்ல பயணிதான். மலை ஆரம்பித்ததும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது, இடது கால் கிளட்சைத் தேடி முன் சீட்டு அம்மாளை உதைத்தது. அவர் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வளைவில் மறுபடி உதைத்தேன். அதோடு விட்டேனா? டிரைவர் சின்ன வயதுக்காரர்; நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“செகண்ட்… செகண்ட் போடு… ஹாரன்… அடி அடி… ம், இப்ப ஒடி!”

கண்டக்டர் வந்தார். “பெரியவரே, டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு பாருங்க.” அந்த எழுத்துக்குக் கீழே ஒரு ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான்.

பஞ்சவர்ணம் எழுந்தாள். “வாங்க, பின்னால போயிருவம். அந்தத் தம்பி நிம்மதியா ஓட்டட்டும்.”

கடைசி சீட்டில் ஜன்னல் ஓரத்தில் என்னை உட்கார வைத்தாள். ஒவ்வொரு வளைவிலும் கடைசி சீட்டு ஆளைத் தூக்கி வீசும். எனக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. காது அடைத்தது. இது என்ன என்று முதலில் புரியவில்லை. எத்தனை பயணிகளைப் பார்த்திருப்பேன்! “எலுமிச்சம்பழத்த மோந்து பாருங்க, நேராப் பாருங்க, இதுக்கெல்லாமா வாந்தி எடுப்பாக?” என்று எத்தனை பேரிடம் சலித்துக்கொண்டிருப்பேன்! எல்லோருக்கும் சேர்த்து அன்றைக்கு எடுத்தேன். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, குடலே வந்துவிடும்போல எடுத்தேன்.

“நீங்க டிரைவர்தான?” என்றாள் பஞ்சவர்ணம், முதுகைத் தடவிக்கொண்டே. “மெல்லப் பேசு, கேட்டுரப் போறாக,” என்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். தலை இன்னும் வெளியேதான் இருந்தது. அப்போதுதான் பார்த்தேன்.

பள்ளத்தாக்கு திறந்து கிடந்தது. பனி கீழே இறங்கிப் போயிருந்தது. தொலைவில் மஞ்சளாறு அணைத் தண்ணீர் வெயிலில் மின்னியது. அதற்கு அப்பால் தென்னந்தோப்புகள், வயல்கள், நாங்கள் வந்த ரோடு நூல் மாதிரி. மேகத்தின் நிழல் ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு ஏறிப் போனது. ஒவ்வொரு நாளும் இதற்கு எதிரில்தான் போயிருக்கிறேன். ரோட்டோரத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூ எத்தனை! யாரோ நேற்று ராத்திரி கொண்டுவந்து நட்டது போல எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“பஞ்சு, இங்க பாரேன்,” என்றேன்.

அவள் பார்க்கவில்லை. என் முழங்கையை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எப்போதும் டீ குடிக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் பல வருடப் பழக்கம்.

“வாங்கண்ணே! என்ன, கலர் சட்டையில வந்திருக்கீக?”

குரலைத் தாழ்த்திக் கேட்டேன். “ஏரிக்கு எப்படிப் போகணும்?”

அவர் நான் வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தார். கடையில் இருந்த எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து அவர் முகம் மாறியது. வெளியே வந்து கையைக் காட்டி வழி சொன்னார், இரண்டு தடவை.

ஏரி நன்றாக இருந்தது. குளிராகவும் இருந்தது, அந்த மட்டில் நான் ஊரில் சொன்னது பொய்யில்லை. கரையில் ஒருவர் செடி விற்றார். உருண்டை உருண்டையாக நீலப் பூ. பெயர் சொன்னார், வாயில் நுழையவில்லை. “மதுரையில வருமா?” என்று கேட்டேன். “நல்லாப் பாத்துக்கிட்டா எங்கயும் வரும்ணே,” என்றார். வாங்கினேன். பஞ்சவர்ணம் படம் எடுத்தாள். நீங்கள் பார்த்தது அதுதான்.

இறங்கும்போது ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு நல்லபடியாக வந்தேன். அவள் மறுபடி என் கையைப் பிடித்தவள் வத்தலகுண்டு வரை விடவில்லை. சமவெளி வந்ததும்தான் பேசினாள்.

“ஏங்க, இந்த ரோட்டுலயா இம்புட்டு வருசமும் போயிட்டு வந்தீக?”

“ஆமா. பின்ன?”

“பாஸ் இருந்தும் நான் ஏன் வரலைன்னு ஒரு நாளாச்சும் நெனச்சுப் பாத்தீகளா?”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“ஒரு தடவ பாத்துட்டேன்னா, அப்புறம் நீங்க ‘வாரேன்’னு கெளம்புறப்பல்லாம் அந்தப் பள்ளம்தான் கண்ணுல நிக்கும். பாக்காம இருந்தா, ஏதோ ரோட்டுல போறாக வாராகன்னு நான் பாட்டுக்கு உலைய வச்சிருவேன். மழ பேஞ்சா மட்டும் ரேடியோவ நிப்பாட்டிருவேன், செய்தி கேக்க வேணாம்னு. நல்லவேள பாக்கல. பாத்திருந்தா உங்கள வீட்ட விட்டே விட்டிருக்க மாட்டேன்.”

பஸ் முழுக்க ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ரோட்டைத் தவிர எதையும் பார்க்காத மாதிரியே அவளும் எதையும் பார்க்காமல் இருந்திருக்கிறாள். என் பக்கம் கேட்பதற்குக் கடலைச் சத்தமாவது இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை. எலுமிச்சம்பழத்தை அவளிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. அவள் வாங்கி மோந்து பார்த்தாள்.

இனி தோட்டம். நீலப் பூச்செடி நாகமலை வெயிலில் எத்தனை நாள் இருந்தது என்று சொல்லி உங்களை வருத்த விரும்பவில்லை. நிழல் வலை கட்டினேன். ஈரச் சாக்கு சுற்றினேன். மத்தியானம் அதற்கு மட்டும் ஃபேன் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, “யாருக்குண்ணே முடியல?” என்று கேட்டார். அப்படியும் அது போய்ச் சேர்ந்தது. நான் விடவில்லை. அடுத்த தடவை ஒரு பேரிக்காய்க் கன்று கொண்டுவந்தேன். அது இலையை மட்டும் உதிர்த்துவிட்டு ஒரு குச்சியாக நின்றது. அது உயிரோடு இருக்கிறது என்று நானும், இல்லை என்று பஞ்சவர்ணமும் இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவள் அதைப் பிடுங்கிக் காட்டினாள். வேரே இல்லை. குச்சிக்குத்தான் நான் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

அந்தக் குழியில் அவள் நாலு சுரை விதையை ஊன்றினாள். அதற்கு அவள் ஃபேன் போடவில்லை, சாக்குக் கட்டவில்லை. அது முளைத்து, என் நிழல் வலையைப் பற்றி ஏறி, மொட்டை மாடி வரை போய்விட்டது. இப்போது தெருவில் எங்கள் சுரைக்காய் வாங்காத வீடு இல்லை. என்னைப் பார்த்தால் சிலர் கதவை மெல்லச் சாத்திக்கொள்கிறார்கள்.

சங்கச் செயலாளரின் போன் வந்த அன்று அந்தப் பந்தலுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். பயணம், இயற்கை, தோட்டம் என்று தலைப்பை எழுதிவிட்டு, மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். பஞ்சவர்ணம் காய் பறித்துக்கொண்டே கேட்டாள்.

“அடுத்த மாசம் ஊட்டிக்குப் போவமா?”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். “ஊட்டிக்கா? அந்த ரோட்டுல எம்புட்டுக் கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது,” என்றாள். “நீங்களும் சொல்லாதீக. டிக்கெட்ட மட்டும் எடுங்க.”